சாமியின் மேல் படிந்த பூச்சு

போன மாதம் எங்கள் பழைய அலுவலகத்திலிருந்து ஓர் இளம் விஞ்ஞானி போன் செய்தார். பெயர் சொன்னார், மறந்துவிட்டேன். காய்கறிக்குப் பூச்சு தெளிக்க வெளிநாட்டிலிருந்து புது இயந்திரம் வந்திருக்கிறதாம். டச் ஸ்கிரீன் வைத்ததாம். அதைத் தொடங்கிவைக்கும் நாளில் ஒரு மலர் வெளியிடுகிறார்கள். அதற்காகப் பழைய ஃபைல்களைத் தூசி தட்டியபோது, என்னை நிரந்தரமாக்கச் சொல்லி விஸ்வநாதன் சார் கைப்பட எழுதிய சிபாரிசுக் கடிதம் கிடைத்திருக்கிறது.

"ரொம்ப இன்ஸ்பையரிங்கா இருக்கு சார். அதை அப்படியே ஸ்கேன் பண்ணிப் போடப்போறோம். பக்கத்துல நீங்க உங்க அனுபவத்தை ரெண்டு பக்கம் எழுதிக் கொடுத்தா நல்லா இருக்கும்" என்றார்.

அந்தக் கடிதம் எனக்கு மனப்பாடம். அதில் ஒரு வரிதான் முக்கியம். "உண்மை தெரிந்த அன்றே, தனக்கு நஷ்டம் என்று தெரிந்தும், அதைச் சொன்னவர்." அந்த ஒரு வரியால்தான் எனக்கு வேலை நிரந்தரமாயிற்று, சைதாப்பேட்டையில் வீடு கட்டினேன், இன்றைக்கும் ஒன்றாம் தேதி ஆனால் பென்ஷன் வருகிறது. அந்த வரியில் ஒரு சொல் பொய். அச்சில் ஏறுவதற்குள் அதைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். டச் ஸ்கிரீனைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

நான் ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படித்தவன். இரண்டு வருஷம் மோட்டாருக்குக் கம்பி சுற்றினேன். பிறகு அடையாறில் அந்த ஆராய்ச்சிக் கூடத்தில் தற்காலிக டெக்னீஷியனாகச் சேர்ந்தேன். தற்காலிகம் என்றால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை நம்மை வெளியே அனுப்பி, ஒரு நாள் இடைவெளி விட்டு, மறுபடி சேர்த்துக்கொள்வார்கள். அந்த ஒரு நாளும் நான் கூடத்துக்குப் போய் வேலை செய்வேன். கையெழுத்து மட்டும் போட மாட்டேன். இப்படி ஆறு வருஷம்.

விஸ்வநாதன் சார் எங்கள் பிரிவின் தலைவர். மின்னியலில் டாக்டர் பட்டம் வாங்கியவர். மந்தைவெளியிலிருந்து சைக்கிளில் வருவார். கோபம் வராது, ஆனால் குறிப்பேட்டில் யாராவது ஒயிட்னர் தடவிவிட்டால் அன்று முழுக்க அவர் முகம் செத்த வீட்டு முகம்தான். தப்பாக எழுதிவிட்டால் அதன் மேல் ஒரே ஒரு கோடு போட வேண்டும். பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்து, தேதி. "அழிக்கப்படாதுப்பா. தப்பும் ஒரு ரீடிங்தான்" என்பார். தீபாவளிக்கு அவர் கொடுத்த வாழ்த்து அட்டையில்கூட என் பெயரில் ஒற்றுப் பிழை வந்துவிட்டது என்று கோடு போட்டுத் திருத்திக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

எங்கள் வேலை இதுதான். தக்காளியோ மாம்பழமோ, பறித்த பிறகும் மூச்சு விடும், நீர் வற்றிச் சுருங்கும். மேலே சாப்பிடத்தக்க மெல்லிய பூச்சு ஒன்று கொடுத்தால் சுருங்குவது தள்ளிப்போகும். அதற்கு ஒரு துப்பாக்கி வைத்திருந்தோம். கரைசலைப் பனிமூட்டம் மாதிரி பீச்சும். அதன் மூக்கில் பல ஆயிரம் வோல்ட் கொடுப்போம். மின்னேறிய துளி, பக்கத்தில் பூமியோடு இணைந்த பொருள் எதுவோ அதைத் தேடிப்போய் ஒட்டும், வளைந்து போய்ப் பின்பக்கத்திலும் ஒட்டும். ஆகவே தக்காளிக்கு எர்த் கொடுத்திருக்க வேண்டும். இந்தத் தொழிலில் தெரிந்துகொள்ள வேண்டியது இவ்வளவுதான். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே விஸ்வநாதன் சார்தான் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கார்த்திகை முதல் தேதி. சார் சபரிமலைக்கு மாலை போட்டுக்கொண்டு வந்தார். கறுப்பு வேட்டி, கறுப்புத் துண்டு, வெறுங்கால். அது அவருக்குப் பதினெட்டாவது வருஷம். பதினெட்டாவது முறை மலையேறுகிறவர்கள் ஒரு தென்னங்கன்று கொண்டுபோய் அங்கே வைப்பார்கள், அதன் பிறகு அவர்கள் குருசாமி. சார் கன்றை இப்போதே வாங்கித் தொட்டியில் வைத்து, கூடத்தின் ஜன்னலோரம் வைத்துவிட்டார். தினமும் தண்ணீர் ஊற்றி, எத்தனை அங்குலம் வளர்ந்திருக்கிறது என்று அளந்து எழுதுவார்.

மாலை போட்டவர் எல்லோரையும் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும். அதுவரை எனக்கு 'நீ' சொல்லிக்கொண்டிருந்தவர், அன்றிலிருந்து "சாமி, வோல்டேஜைக் கொறைங்கோ சாமி" என்றார். டைரக்டர் சாமி, டீக்கடைக்காரர் சாமி. ஒரு நாள் ட்ரான்ஸ்பார்மரில் எலி கடித்தபோது அதையும் "எலிச்சாமி" என்றார்.

விரதத்தால் கூடத்தில் இரண்டு மாற்றங்கள். ஒன்று, தினமும் காலையில் தரையைக் கழுவிவிட வேண்டும். துடைக்கக்கூடாது, தானாகக் காய வேண்டும். இரண்டாவது, அதுவரை தக்காளியின் காம்பருகே இரும்புக் கொக்கியைக் குத்தி, சங்கிலியில் தொங்கவிடுவோம். முதல் நாளே அதைப் பார்த்து சார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "குத்தறது வேண்டாம் சாமி. குத்தின இடம் அழுகவும் செய்யறது. வேற வழி பாருங்கோ."

வழி பார்த்தவன் நான்தான். சைதாப்பேட்டை மார்க்கெட்டில் வெங்காயம் போட்டு விற்கும் நைலான் வலைப்பைகள் வாங்கிவந்து, தக்காளியை அதில் போட்டுச் சங்கிலியில் தொங்கவிட்டேன். பார்க்க அழகாக இருந்தது. சார் பாராட்டினார்.

அன்றே பூச்சு தக்காளியில் படிவது நின்றுவிட்டது.

துப்பாக்கியைத் திறந்தால் பனிமூட்டம் தக்காளி வரை போகும், அங்கே கொஞ்சம் தயங்கும், பிறகு பக்கவாட்டில் திரும்பி, குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும் சார் மீது போய் உட்காரும். விரதத்துக்கு வளர்த்த தாடி ஒவ்வொரு முடியாகத் துப்பாக்கியைப் பார்த்து எழுந்து நிற்கும். அவர் தக்காளியைத் தொடப்போனால் விரலில் சுளீரென்று பொறி பறக்கும். "சாமி சரணம்" என்பார். மறுபடி தொடுவார். மறுபடி சரணம்.

கறுப்பு வேட்டியில் வெள்ளை வெள்ளையாகக் காய்ந்திருக்கும். முழங்கையில் படிந்தது காய்ந்ததும் ஓரத்தில் நகத்தால் நெம்பி, கிழியாமல் ஒரே தாளாக உரித்து, வெளிச்சத்தில் பிடித்துக் காட்டுவார். "எவ்வளவு சீரா வந்திருக்கு பாருங்கோ." அதை மைக்ரோமீட்டரில் வைத்துத் தடிமன் அளந்து குறிப்பேட்டில் எழுதச் சொன்னார். எந்த மாதிரியில் எடுத்தது என்று எழுதுவது? தக்காளிகளுக்கு ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை எண் இருந்தது. சாரைப் பூஜ்யம் என்று எழுதிக்கொண்டேன். அந்த மாதம் முழுக்க எங்களிடம் இருந்த நல்ல ரீடிங் எல்லாம் மாதிரி எண் பூஜ்யத்தினுடையதுதான்.

அதோடு விட்டாரா? உரித்த தாளின் ஒரு துண்டை நாக்கில் வைத்துக்கொள்வார். சாப்பிடத்தக்க பூச்சு என்று நாம் சொல்கிறோம், நாமே சாப்பிடாமல் எப்படிச் சொல்வது என்பது அவர் கட்சி. "ருசியே இல்லை. அதான் வேணும்" என்பார்.

மூன்றாம் நாள். கரைசல் தயாரிப்பது மாடியில் இருந்த ஜெசிந்தா மேடம். வேதியியல் அவர் இலாகா. தயாரித்ததைக் கேனில் ஊற்றி வைப்பார், நான் போய் எடுத்துவருவேன், அவர் கீழே வந்ததே இல்லை. கேன் மேல் கைட்டோசான் என்று எழுதியிருக்கும். அன்று கேனைத் தூக்கும்போது சும்மா பேச்சுக்குக் கேட்டேன்.

"இது இன்னாத்துல மேடம் செய்யறது? வினிகர் வாசனை அடிக்குதே."

"வினிகர் கரைக்கறதுக்கு. சரக்கு இறா ஓடு. காசிமேட்டுல உரிச்சுக் கொட்டற தோடு இருக்கு பாருங்க, அதைச் சுத்தம் பண்ணி எடுக்கறதுதான். ஏன், அலர்ஜியா?"

எனக்கு என்ன அலர்ஜி? ஞாயிற்றுக்கிழமை ஆனால் எங்கள் வீட்டில் இறா தொக்குதான். ஆனால் கேன் கையிலிருந்து நழுவப் பார்த்தது. கீழே ஒரு மனிதர் வெங்காயம்கூடச் சேர்க்காமல், இரண்டு வேளை குளித்து, பதினெட்டாவது வருஷ மாலை போட்டுக்கொண்டு, காலை பத்து மணிக்கு இறா ஓட்டில் குளித்து, அதை உரித்து நாக்கில் வைத்துக்கொண்டிருக்கிறார்.

"சாருக்குத் தெரியுமா மேடம்?"

"இண்டெண்ட்ல கையெழுத்துப் போட்டதே அவர்தானே" என்றார் மேடம். பிற்பாடு அந்தக் கொள்முதல் தாளைப் பார்த்தேன். 'இயற்கைப் பாலிமர், உண்ணத்தக்கது' என்று இருந்தது. சார் மின்சாரம் தெரிந்தவர். கைட்டோசான் என்றால் ஏதோ ஜப்பான்காரர் பெயர் என்று நினைத்திருந்தார்.

அன்று ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. காரணம் இதுதான். தி.நகரில் பெரிய பழக்கடை வைத்திருந்த செல்லத்துரை அண்ணாச்சி இந்த இயந்திரத்தைத் தன் குடோனில் போட்டுப் பார்க்க ஒப்புக்கொண்டிருந்தார். கார்த்திகை இருபத்து நாலாம் தேதி செயல்விளக்கம். அவர் சரி என்று கடிதம் கொடுத்தால் திட்டம் நீடிக்கும், எனக்கு வேலை நிரந்தரம். இல்லையென்றால் திட்டத்தை மூடுவார்கள், நானும் வீட்டுக்கு. இப்போது போய் இறா என்று சொன்னால் சார் அந்த நிமிஷமே துப்பாக்கியைக் கீழே வைத்துவிடுவார்.

வீட்டில் என் மனைவி கன்னியம்மாவிடம் சொன்னேன். அவள் சிரித்து முடிக்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று.

"சொல்லிட்டா வேல பூடுமா?"

"பூடும்."

"அப்ப கம்முனு கெட. தெரியாம துன்னா சாமி ஒண்ணும் கண்ண குத்தாது. அந்தாளு சாமிய அவரு பார்த்துக்கினு கீறாரு. நம்ம பர்மனென்ட்ட யாரு பாப்பாங்க?"

கம்மென்று கிடந்தேன். ஆனால் சும்மா இருக்கவும் முடியவில்லை. தூர நின்று பாருங்கள் என்றேன், பூதக்கண்ணாடியோடு இன்னும் கிட்டே வந்தார். மழைக்கோட்டு கொண்டுபோய்க் கொடுத்தேன், விரதத்தில் கறுப்புதான் உடுத்த வேண்டும், இது நீலம் என்று திருப்பிக் கொடுத்தார். நாக்கில் வைப்பதையாவது நிறுத்தலாம் என்று ஒரு நாள் பாகற்காய்ச் சாற்றை இரண்டு சொட்டுக் கேனில் கலந்தேன். அன்று துண்டை வாயில் போட்டவர் கண்ணை மூடினார். "இன்னிக்குத்தான் சாமி ஒரு ருசி தெரியறது. கசப்பு. ஒடம்புக்கு ரொம்ப நல்லது" என்று இன்னொரு துண்டு உரித்துக்கொண்டார். அதன் பிறகு நான் தந்திரம் எதுவும் செய்யவில்லை. அந்தப் பனிக்காலத்தில் எங்கள் எல்லோருக்கும் உதடு வெடித்தது, சாருக்கு மட்டும் முகம் மினுமினுவென்று இருந்தது.

செயல்விளக்கத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது சார் ஒரு பஜனைக்குப் போய்விட்டார். தனியாகத் தெளித்துப் பார்த்தேன். பனிமூட்டம் தக்காளியில் தயங்கியது, சாரைத் தேடியது, அவர் இல்லை என்றதும் சுவரில் இருந்த தண்ணீர்க் குழாய்க்குப் போயிற்று. குழாயிலிருந்து சொட்டியதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். குழாய் மண்ணுக்குள் போகிற இரும்பு. சார் ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்கிறவர். நாங்கள் எல்லோரும் ரப்பர் செருப்பு. தக்காளியோ நைலான் பையில் அந்தரத்தில் தொங்குகிறது. சார் தினமும் மீட்டர் வைத்துச் சங்கிலிக்கு எர்த் இருக்கிறதா என்று பார்ப்பார், இருக்கும். சங்கிலிக்கும் தக்காளிக்கும் நடுவில் நான் வாங்கிவந்த வெங்காயப் பை இருப்பதை அவரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. அந்த அறையிலேயே சிறந்த எர்த் தான்தான் என்று எந்த மனிதருக்குத் தோன்றும்?

தலையில் அடித்துக்கொண்டு, செப்புக் கம்பியில் பன்னிரண்டு கூடை பின்னினேன். கொல்லையில் எர்த் குழியில் உப்பும் கரியும் போட்டு நாலு வாளி தண்ணீர் ஊற்றினேன். மறுநாள் தெளித்தால் ஒரு துளி தவறாமல் தக்காளிக்குப் போயிற்று. சாருக்கு ஒன்றும் இல்லை. அவர் கொஞ்சம் ஏமாந்த மாதிரிகூட இருந்தார். நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். இனி சொல்லவே வேண்டியதில்லை என்று நினைத்தேன்.

இருபத்து நாலாம் தேதி அண்ணாச்சி வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. தக்காளியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பின்பக்கமும் பூச்சு படிந்திருப்பதைப் பார்த்து, "மிசினு கெட்டிக்காரத்தனமாத்தான் இருக்கு" என்றார். பிறகு கேட்டார்.

"சார், நம்ம கடைக்கு மயிலாப்பூரு, மாம்பலத்துல இருந்து மாமிமாரு நெறைய வாராங்க. வந்ததும் கேப்பாங்க. இது சைவந்தானா?"

சார் சிரித்தார். "நான் மாலை போட்டுண்டிருக்கேன் சாமி. இருபத்து நாலு நாளா தெனமும் நாக்குல வெச்சுண்டிருக்கேன். இதைவிட என்ன அத்தாட்சி வேணும்?" என்று ஒரு தக்காளியை எடுத்துப் பூச்சில் நாக்கை வைக்கப்போனார்.

அதுவரை பொறுத்தவன், அதைப் பொறுக்க முடியவில்லை. அவர் வாய் பொய் சொல்லவில்லை, என் பொய்யை அவர் வாய் சொல்லிக்கொண்டிருந்தது.

"சார், வேணாம் சார். அது இறா."

தக்காளி வாய்க்கு அருகிலேயே நின்றது. அண்ணாச்சிதான் முதலில் பேசினார். "எறாலா? தக்காளிக்கு மேலயா?"

"இறா ஓடு. அதுலதான் செய்யறாங்க."

சார் தக்காளியை மெதுவாகக் கூடையில் வைத்தார். "ஒனக்கு எப்போ தெரியும்?" என்று என்னைக் கேட்டார். சாமி போய் நீ வந்துவிட்டது.

அங்கேதான் நான் சறுக்கினேன். "இன்னிக்குக் காலையிலதான் சார் தெரிஞ்சுது" என்றேன்.

சத்தம் கேட்டு ஜெசிந்தா மேடம் இறங்கி வந்திருந்தார். மாடிப்படியில் நின்றபடி என்னைப் பார்த்தார். திரும்பி மாடிக்கே போய்விட்டார்.

சார் அண்ணாச்சியிடம் திரும்பி, "அப்படின்னா சைவம் இல்லை. நான் சொன்னது தப்பு" என்றார். அண்ணாச்சி, "எனக்கு ஒண்ணும் இல்ல சார், நான் திம்பேன். ஆனா கடையில போர்டு வைக்க முடியாதுல்லா. வேற சரக்குல செய்ங்க, வாரேன்" என்று பூச்சு போட்ட தக்காளியில் இரண்டை மடியில் கட்டிக்கொண்டு போனார். மரவள்ளி மாவில் கரைசல் செய்து, அடுத்த சித்திரையில் அவர் குடோனில் இயந்திரம் ஓடத்தான் செய்தது. எட்டு மாதம் ஓடியது. பளபளப்பாக இருக்கிறதே, பிளாஸ்டிக்கா என்று மாமிகள் கேட்க ஆரம்பித்ததும் அண்ணாச்சி நிறுத்திவிட்டார். அது வேறு கதை.

சார் அன்று மாலையே தன் குருசாமியிடம் போனார். தெரியாமல் நடந்ததற்குத் தோஷம் இல்லை, விரதத்தைத் தொடரலாம் என்று அவர் சொல்லிவிட்டார். சார் கேட்கவில்லை. மறுநாள் என்னிடம் சொன்னார். "நாற்பத்தொரு நாள்ங்கறது ஒரு கணக்கு. நடுவுல ரீடிங் தப்புன்னு தெரிஞ்சா, ஒண்ணாம் நாள்லேர்ந்து திரும்ப எடுக்கணும். எல்லாத்துக்கும் அதானே?" விரதக் கணக்கு எழுதும் சின்ன நோட்டு ஒன்று வைத்திருந்தார். இருபத்து நாலு நாளின் மேலும் ஒவ்வொன்றாகக் கோடு போட்டார். ஒவ்வொன்றுக்கும் கையெழுத்து, தேதி.

திரும்ப ஆரம்பித்தால் மகர ஜோதிக்குள் நாற்பத்தொரு நாள் முடியாது. நான் பஸ்ஸில் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். மூன்றாம் நாள் சொல்லியிருந்தால், நாலாம் நாள் ஆரம்பித்து, தாராளமாக முடிந்திருக்கும். சைதாப்பேட்டையில் இறங்க மறந்துவிட்டேன். கிண்டியில் இறங்கித் திரும்ப நடந்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு அவமானப்பட்டது கிடையாது, அதைப் பார்த்தவர்தான் யாரும் இல்லை.

அடுத்த வருஷம் போகலாம் என்றார். அடுத்த வருஷம் அவர் அப்பா காலமானார், ஒரு வருஷம் மலைக்குப் போகக்கூடாது. அதற்கடுத்த வருஷம் நெஞ்சு வலி. இனி மலையேறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தென்னங்கன்றைக் கூடத்தின் முற்றத்தில் நட்டார். இப்போது டைரக்டர் கார் மேல் தேங்காய் விழுகிறது என்று புகார் எழுதுகிறீர்களே, அந்த மரம்தான். எனக்கு வேலை நிரந்தரமானது அந்த மார்கழியிலேயே. அண்ணாச்சி கடிதம் கொடுக்காவிட்டாலும் சார் கடிதம் கொடுத்தார்.

இவ்வளவையும் எழுதி எடுத்துக்கொண்டு, போன வாரம் மந்தைவெளிக்குப் போனேன். சாருக்கு எண்பது தாண்டிவிட்டது. சாய்வு நாற்காலியில் இருந்தார். படித்துக் காட்டினேன். பாகற்காய்ச் சாறு வந்த இடத்தில் மட்டும் நிமிர்ந்து பார்த்து, "அது நீதானா?" என்றார். முடித்ததும் உதடு அசைந்தது, விரல்கள் மடங்கின. எண்ணிக்கொண்டிருந்தார்.

"மூணாம் நாள்னா, மார்கழி பாதியில முடிஞ்சிருக்கும்."

"ஆமா சார்."

"ஜோதிக்குப் போயிருக்கலாம்."

"போயிருக்கலாம் சார்."

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். கையமர்த்திவிட்டார். "அந்தக் கடுதாசி கொண்டுவந்திருக்கியா?"

மலர்க்காரர்கள் அனுப்பிய நகல் பையில் இருந்தது. கொடுத்தேன். மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, அந்த வரியைக் கண்டுபிடித்தார். 'அன்றே' என்ற சொல்லின் மேல் ஒரே ஒரு கோடு போட்டார். மேலே 'இருபத்தோராம் நாள்' என்று எழுதினார். பக்கத்தில் கையெழுத்து, தேதி.

"அடியில இருக்கறது படிக்கத் தெரியறதோ?"

"தெரியுது சார்."

"அப்போ சரி. இதையே அச்சுல போடச் சொல்லு. மீதியெல்லாம் சரியாத்தான் இருக்கு" என்று பேனாவை என்னிடம் நீட்டினார். "நீயும் போடு."

கையெழுத்துப் போட்டேன்.

"தேதி?" என்றார்.

தேதியும் போட்டேன்.